நான் கொடுத்த ஜெபக்குறிப்பு

யாராவது என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. நான் டீச்சர் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீசில் எழுத்து வேலைக்குச் சேர்ந்தவள். விண்ணப்பம் வாங்கி வைப்பது, டி.சி. எழுதுவது, வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக் கொடுப்பது, இவைதான் என் வேலை. ஆனால் முனிச்சாலைப் பக்கம் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் எல்லாருக்கும் நான் டீச்சர்தான். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது பக்கத்து வீட்டு அண்ணன்.

குடிவந்த முதல் வாரமே அவரிடம் திருத்திச் சொன்னேன், நான் ஆபீசில்தான் இருக்கிறேன், பாடம் எடுப்பதில்லை என்று. குழாயடியில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "இருக்கட்டுமே டீச்சர். கோயில் யானை என்ன பூசையா பண்ணுது? அதுகிட்டயும் ஆசீர்வாதம் வாங்கிக்கிறோம்ல," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதன்பிறகு திருத்தவில்லை. எதையும் ஒரு தடவைக்கு மேல் வாய்விட்டுச் சொல்ல எனக்கு வராது. அந்தக் குணத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. காம்பவுண்டில் எதிரும் புதிருமாக எட்டு வீடுகள். எங்கள் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் ஒன்றுதான். அங்கே டம்ளர் விழுந்தால் இங்கே குனிந்து பார்க்கத் தோன்றும். என் வீட்டுக்காரர் மேலூர் ரூட்டில் பஸ் கண்டக்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வீட்டில் இருப்பார். மகள் சாயங்காலம் டியூஷனுக்குப் போய்விடுவாள். எட்டு வீட்டில் நான் உரிமையோடு படி ஏறியது அந்த ஒரு வீட்டுக்குத்தான்.

அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம். அண்ணனும் அவர் சம்சாரமான அக்காவும் மட்டும். ஒரே மகளைச் சேலத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு எனக்குப் புரியாது, ஆனால் எங்களோடு பேசும்போது அசல் மதுரைத் தமிழ். அண்ணனுக்கு விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை. "பாருங்க, பாருங்க, வாங்க வேணாம், பாருங்க," என்று அவர் சொல்ல ஆரம்பித்தால், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்புகிறவர்கள்கூட மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள் என்று அக்கா பெருமையாகச் சொல்லும். வீட்டிலும் அந்த வாய் ஓயாது. சுவருக்கு இந்தப் பக்கம் சமைத்துக்கொண்டே நான் தனியாகச் சிரித்ததுண்டு.

ஓர் ஆடித் தள்ளுபடி சமயத்தில், விரித்த சேலையோடு கடையிலேயே சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால், அதோடு பேச்சு. பெரியாஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தார். கால் கொஞ்சம் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. "பாருங்க." தண்ணீர் வேண்டுமென்றாலும் பாருங்க, வலித்தாலும் பாருங்க, கோபம் வந்தாலும் அதே பாருங்க. வேறு சொல்லுக்கு வாயைத் திறந்து, திறந்தபடியே நின்று, கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

பஜனை மடத்து ஆட்கள் ஒரு சனிக்கிழமை அவரைப் பார்க்க வந்தார்கள். கிளம்புவதற்கு முன்னால் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடினார்கள். இரண்டாவது அடியில் அவரும் சேர்ந்துகொண்டாராம். அக்கா ஓடிவந்து என் வாசலில் நின்று அழுதுகொண்டே சொன்னது: "தண்ணின்னு ஒரு வார்த்தை வரலை டீச்சர். ஆனா சாமி பாட்டு முழுசா வருது. ஒரு எழுத்துப் பெசகாம வருது." டாக்டரிடம் கேட்டதற்கு, சிலருக்கு அப்படி வருவதுண்டு, தினமும் பாட விடுங்கள் என்றாராம். அதிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா ஜால்ராவை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்காரும். முதல் அடியை அது எடுத்துக் கொடுக்கும். பிறகு அவர் பாடுவார், அரை மணி நேரம்.

ஆகவே அந்தப் பாட்டு அவருக்கு என்ன என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அதை முன்னாலேயே எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் அந்த வருஷம்தான். ஒரு பிள்ளையின் டி.சி.யில் பிறந்த தேதியைத் தப்பாக எழுதிவிட்டேன். அந்தப் பிள்ளையின் அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்று, வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "பத்தாங்கிளாஸ் நெசமாவே பாஸ் பண்ணுனியா, இல்ல அதையும் நீயே எழுதிக்கிட்டியா?" என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஜன்னலில் ஒரு நிழல் விழுந்தாலே பேனா ஆடும். தப்பு வரக் கூடாது என்று நினைத்து நினைத்தே இன்னும் தப்பு வந்தது. டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை எழுதினார். மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் வந்தது, நடுக்கம் போகவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் வேலை விட்டு வந்து, அடுப்புப் பற்றவைக்கக்கூடத் தெம்பில்லாமல், அந்தச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அவர் ஆரம்பித்தார். காதில் விழுவதற்கு முன்னால் முதுகில்தான் அது தெரிந்தது. கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்ததால், அவர் கீழ் ஸ்தாயிக்குப் போகும்போது செங்கலே லேசாக அதிரும். சில பாட்டு அவர்கள் பேச்சில், சில தெலுங்கில், சில என்ன மொழி என்றே தெரியாது. நடுநடுவே வருகிற சாமி பெயர்கள் மட்டும்தான் எனக்குப் பிடிபட்டன. பாட்டு முடிந்து பார்த்தபோது என் கை மடியில் சும்மா கிடந்தது. ஆடவில்லை.

மறுநாளும் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாளும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் சபைப் பாட்டுகள் எனக்குப் பிடிக்காமல் இல்லை. பிறந்ததிலிருந்து பாடுகிறேன். ஆனால் அவற்றில் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரியும். உன்னை ஒப்புக்கொடு என்று வந்தால், இன்னும் ஒப்புக்கொடுக்கவில்லையே என்று தோன்றும். பயப்படாதே என்று வந்தால், பயப்படுகிறேனே, அதுவும் பாவமோ என்று பயம் கூடும். சுவருக்கு அந்தப் பக்கத்துப் பாட்டு என்னிடம் எதையும் கேட்கவில்லை. அது வேறொருவர் தன் சாமியோடு பேசுவது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

அப்படியும் எனக்கு நிம்மதியாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பாட்டு முடிந்ததும் அவசர அவசரமாக ஒரு ஜெபம் சொல்வேன், வெளியே எதையோ தொட்டுவிட்டு வந்து கைகழுவுகிற மாதிரி. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவராகவே ஒரு நாள் கண்டுபிடித்தார். டியூட்டி இல்லாத நாள், படுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "என்ன, செவுத்துக்குள்ள யாரையும் கூப்பிடுறியா?" என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன். பாட்டுக்கு ஏற்ற மாதிரி என் விரல் சுவரில் தட்டிக்கொண்டிருந்தது. விரலில் மோதிரம் இருந்ததால் டக் டக் என்று நன்றாகவே கேட்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். ஆனால் பழகிப்போன விரல், தானாக மறுபடி சுவருக்குப் போய்விடும்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், லெந்து நாட்கள் வந்தன. அந்த நாற்பது நாளும் எங்கள் சபைப் பெண்கள் ஒரு நாளைக்கு ஒரு வீடாக ஜெபக்கூட்டம் வைப்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து மூத்த டீச்சர் ஒருவர்தான் அதை நடத்துவார். நல்ல மனுஷி. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கஞ்சி வைத்துக்கொண்டு போய் நிற்பார். ஆனால் குரல் பெரியது, பார்வையும் பெரியது. ஆபீசில் அவர் ரிஜிஸ்தரைக் கேட்டால், எடுத்துக் கொடுப்பதற்குள் எனக்கு வேர்த்துவிடும்.

எங்கள் வீட்டு முறை ஒரு புதன்கிழமை. அன்று காலையில் அக்கா ஒரு தூக்குவாளியில் பால் கொண்டுவந்து கொடுத்தது. "இம்புட்டுப் பேரு வாராங்க, உங்க பால் காப்பிக்குப் பத்தாது டீச்சர்," என்றது. பிறகு தயங்கிக்கொண்டே, "சாயங்காலம் அவரு பாட வேணாம்னு சொல்லிறவா? உங்க கூட்டத்துக்குத் தொந்தரவா இருக்கும்ல," என்று கேட்டது.

"வேணாங்க்கா. அண்ணன் பாடட்டும்," என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஒரு நாள் அந்தப் பாட்டு இல்லாமல் போகக் கூடாது என்று எனக்கே ஆசை.

பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பாய் நிறைந்துவிட்டது. எல்லாருக்கும் இடம் விட்டு நான் கடைசியில் சுவரோரம் உட்கார்ந்தேன். பாட்டுப் பாடி, வசனம் வாசித்து, மூத்த டீச்சர் ஜெபக்குறிப்புக் கேட்டார். அவரவர் கஷ்டத்தை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அவர் அதைக் குறித்துக்கொண்டு கடைசியில் எல்லாவற்றுக்காகவும் ஜெபிப்பார். ஒருவர் மகனுக்கு வேலை என்றார். ஒருவர் மூட்டுவலி என்றார். அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் ஜால்ரா கேட்டது. அவர் ஆரம்பித்தார்.

நான் எதையும் நினைக்கவில்லை. பகலெல்லாம் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, ஆட்கள் வருகிறார்கள் என்ற பதற்றத்தில் இருந்த உடம்பு, பாட்டு வந்ததும் தளர்ந்து சாய்ந்துவிட்டது. கண்ணைக்கூட மூடிவிட்டேன் போலிருக்கிறது. திடீரென்று அறை அமைதியாக இருப்பது தெரிந்து கண்ணைத் திறந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் விரல் சுவரில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

மூத்த டீச்சர் புன்னகையோடுதான் கேட்டார். "என்னம்மா, ஒதடும் ஆடுது. பாட்டு மனப்பாடமா?" பக்கத்தில் இருந்த ஒருவர், "அடுத்த வாரம் இவுகளை அங்கிட்டுத்தான் தேடணும் போல," என்றார். சிரிப்பு. விளையாட்டுச் சிரிப்புதான். இப்போது யோசித்தால் அதில் ஒரு விஷமும் இல்லை. ஆனால் எனக்கு அந்தப் பள்ளிக்கூட ஜன்னல் கண்முன் வந்துவிட்டது, வெளியே வரிசையாக முகங்கள். தட்டிய கையை மடியில் ஒளித்துக்கொண்டேன். எப்படியாவது அந்தப் பார்வைகளை என்மேலிருந்து திருப்பிவிட வேண்டும்.

"தொந்தரவா இருக்கு டீச்சர்," என்றேன். "தெனமும் இப்படித்தான். ஜெபம் பண்ண முடியல. இதையும் ஒரு குறிப்பா வச்சு ஜெபிங்க."

சிரிப்பு நின்றது. எல்லாரும் ஐயோ பாவம் என்று என்னைப் பார்த்தார்கள். மூத்த டீச்சர் அதையும் எழுதிக்கொண்டார். நான் தப்பித்துவிட்டேன்.

அவர் ஜெபிக்கிறபோது குரல் தெருமுனை வரை போகும். மகனுக்கு வேலை, மூட்டுவலி எல்லாம் முடிந்து என் குறிப்புக்கு வந்தார். இந்த மகள் உம்மைத் தேடுகிற நேரத்தில் பக்கத்திலிருந்து வருகிற இடைஞ்சலைப் பாரும் என்று ஆரம்பித்து, "அந்தச் சத்தத்தை அமர்த்தும், ஆண்டவரே," என்று முடித்தார். பன்னிரண்டு பேரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். குறிப்புக் கொடுத்தவள் நான் என்பதால், மற்றவர்களைவிட உரக்கவே சொன்னேன்.

பாட்டு நின்றது. அடி முடிந்து நிற்கவில்லை, நடுவில் நின்றது. ஜால்ரா மட்டும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அதுவும் ஓய்ந்தது.

பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஸ்தோத்திரம்," என்றார் யாரோ, மெதுவாக. பிறகு நான் காப்பி கொடுத்தேன். அக்கா கொடுத்த பாலில் போட்ட காப்பி. எல்லாரும் குடித்துவிட்டு, பால் நல்ல கெட்டி என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆண்டவர் செய்ததை எழுந்து சொல்கிற சாட்சி நேரம் வந்ததும் மூத்த டீச்சர் எழுந்தார். ஒரு வீட்டில் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே ஜெபம் கேட்கப்பட்டது என்று நடந்ததைச் சொன்னார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். பிறகு என்னை எழுந்து நிற்கச் சொன்னார். இல்லை என்று சொல்ல அது இடம். அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்கலாம். நான் எழுந்து நின்றேன். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. நான் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றுவிட்டு உட்கார்ந்தேன்.

அந்தப் புதன்கிழமையோடு அந்தப் பக்கத்துப் பாட்டு போயிற்று. விளக்கு வைக்கிற நேரத்தில் டிவி ஓடும், அல்லது ஒன்றும் இருக்காது. குழாயடியில் அக்காவைப் பார்த்தபோது, கட்டிலை முன் ரூமுக்கு மாற்றிவிட்டோம், அங்கே காற்று வருகிறது என்றது. பாட்டைப் பற்றி அது பேசவில்லை, நானும் கேட்கவில்லை. காற்றுக்காகத்தான் மாற்றினார்கள் என்று நம்பிக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் முன் ரூமிலிருந்தும் பாட்டு வரவில்லை. "பாருங்க" என்ற சொல்கூட அபூர்வமாகிவிட்டது. நான் வாசல் வழியாகப் போனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோபம் என்று நினைத்தேன். கோபமாகவே இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை ஆசைப்பட்டேன்.

தூக்குவாளி என் வீட்டிலேயே இருந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் இரண்டு வீட்டிலும் இல்லை. எதையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். எதைப் போட்டுக்கொண்டு அந்தப் படியேறுவது என்று தெரியாமல் நாள் போய்க்கொண்டிருந்தது. சமையலறை அலமாரியில் அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஆபீசில் என் கை முன்னைவிட மோசமாக ஆடியது. சாயங்காலம் சுவரில் போய்ச் சாய்ந்தால் சுவர் வெறும் சுவராக இருந்தது.

ஈஸ்டருக்கு அச்சு முறுக்குச் சுட்டேன். மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம், தூக்குவாளி நிறைய அதைப் போட்டுக்கொண்டு போனேன். அக்கா வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தது. அண்ணன் நாற்காலியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே வந்ததைப் பார்த்ததும், நீட்டியிருந்த காலை இடது கையால் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார், யாருக்கோ வழிவிடுகிறவர் மாதிரி. பிறகு அந்த இடது கையை நெற்றிவரை தூக்கி என்னைக் கும்பிட்டு, "பாருங்க," என்றார். குரல் வெளியே வரவில்லை.

எனக்கு விளங்கவில்லை. அக்காவைப் பார்த்தேன்.

"மன்னிப்புக் கேக்குறாரு டீச்சர்," என்றது அக்கா, வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எதற்கு என்று கேட்டேனோ, கேட்க நினைத்து நின்றேனோ, நினைவில்லை. அக்காவே சொன்னது. அது அவ்வளவு நிதானமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"நீங்க செவுத்தைத் தட்டுவீங்கல்ல. அதை இவரு தாளம்னு நெனச்சுக்கிட்டு இருந்தாரு. டீச்சரு தாளம் போடுறாங்கன்னு எனக்குக் கையைக் காமிச்சுச் சிரிப்பாரு. நான் நிறுத்துனாலும், அங்க தட்டு நிக்கலை, இன்னொண்ணு எடுன்னு சாடை காட்டுவாரு. அன்னிக்கு உங்க வீட்டுல ஜெபம் பண்ணுனப்பதான் தெரிஞ்சுச்சு, நீங்க நிறுத்தச் சொல்லித் தட்டியிருக்கீங்கன்னு. இம்புட்டு நாளும் அந்தப் பொம்பளை தட்டத் தட்ட நான் பாடிக்கிட்டே இருந்திருக்கேனேன்னு, செவுத்தைக் காட்டிக் காட்டித் தலையில அடிச்சுக்கிட்டாரு. வெக்கம் கெட்டவன்னு தன்னைத்தானே. பேச்சு வராது, ஆனா எனக்குத் தெரியும்ல."

தூக்குவாளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெபம் பண்ணினது கேட்டதா என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா என்ற நப்பாசையில் கேட்ட கேள்வி அது.

"ஒத்தச் செங்கல் செவுருதானே டீச்சர். அம்புட்டுப் பேரு ஆமென் சொன்னாங்க. அதுல உங்க சத்தம் தனியாக் கேட்டுச்சு."

அதற்குமேல் பேசாமல் இருக்க முடியவில்லை. பேசியே ஆக வேண்டிய இடத்துக்கு வாழ்க்கையில் நான் வந்தது அன்றுதான். "தாளம்தாங்க்கா," என்றேன். "நான் தட்டுனது தாளம்தான். தெனமும் அந்தப் பாட்டைக் கேக்கத்தான் அங்க உட்காருவேன். எனக்குக் கை நடுங்கும். பாட்டுக் கேட்டா நிக்கும்."

அக்கா நிமிர்ந்து பார்த்தது. "அப்ப எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"எல்லாரும் பாத்தாங்க. வெக்கமா இருந்துச்சு."

"எங்க பாட்டைக் கேக்குறதுக்கா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வேறு எதைச் சொன்னாலும் அது இன்னொரு பொய்யாக இருந்திருக்கும். அக்காவின் முகத்தில் அதுவரை இல்லாத ஒன்று வந்தது. ஜெபத்தைக் கேட்டபோதுகூட அதற்கு அவ்வளவு வலித்திருக்காது என்று நினைக்கிறேன். எழுந்து தூக்குவாளியை என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தது. "சரி. வெளக்கு வைக்கிற நேரமாச்சு. வீட்டுக்குப் போங்க டீச்சர்," என்றது. அண்ணன் தெருவைப் பார்த்தபடியே இருந்தார். நான் சொன்னது அவருக்குப் புரிந்ததா, நம்பினாரா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. என்ன தோன்றியதோ, சுவரில் தட்ட ஆரம்பித்தேன். அவர் அதிகமாகப் பாடுகிற ஒரு பாட்டின் தாளம். பாட்டே இல்லாத தாளம். பைத்தியக்காரத்தனம்தான். அரை மணி நேரம் தட்டினேன். மறுநாளும் அதே நேரத்துக்குத் தட்டினேன். கட்டில் அந்த ரூமில் இல்லை, யாருக்குக் கேட்கும் என்றும் தெரியாது. வீட்டுக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "மோதிரம் தேஞ்சு போயிரும்," என்று மட்டும் சொன்னார். அவரிடம் அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு டிக்கெட் பையை ஆணியில் மாட்டினார். பிறகு, "தட்டு," என்றார்.

பத்து நாள் இருக்கும். ஒரு சாயங்காலம், அந்தப் பக்கம் கட்டிலைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு ஜால்ரா. பிறகு அவர் குரல், பழைய குரலில் பாதி. ஓர் அடி பாடிவிட்டு நிறுத்தினார். நான் தட்டினேன். அடுத்த அடி பாடினார். நிறுத்தினார். அப்படித்தான் அன்றைக்கு முழுப் பாட்டும் போனது, ஒவ்வோர் அடிக்கும் தட்டு வருகிறதா என்று கேட்டுக் கேட்டு.

அதற்கப்புறம் அவர் பாடினார், ஆனால் நான் தட்டினால்தான் ஆரம்பிப்பார். எனக்குப் பஸ் தவறிப் பிந்திவிட்டால், நான் வந்து தட்டும்வரை அந்தப் பக்கம் காத்திருப்பார்கள். அக்கா பழையபடி பேசியது, பால் கொடுத்தது, டீச்சர் என்றது. ஆனால் பாட்டைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எந்த ஆறுதலுக்காக நான் அங்கே உட்கார ஆரம்பித்தேனோ அது எனக்குத் திரும்பவில்லை. முன்பு பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது தாளம் தப்பிவிடக் கூடாது, நின்றுவிடக் கூடாது, நின்றால் அவர் வேறு மாதிரி நினைத்துவிடுவார் என்று விரலையே கவனித்துக்கொண்டிருந்தேன். கை நடுக்கம் அதுவாக எப்போதோ குறைந்தது. எதனால் என்று எனக்குத் தெரியாது.

மூத்த டீச்சரிடமும் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டபிறகு, ஆபீசில் யாரும் இல்லாத நேரம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "பாட்டுக் கேப்பேன்னு சொல்லியிருந்தா நான் என்ன, உன்னைச் சபையை விட்டா தள்ளியிருப்பேன்? எங்க வீட்டுக்குப் பின்னால பள்ளிவாசல். விடியக்காலம் பாங்கு கேட்டுத்தான் நான் எந்திரிச்சு ஜெபம் பண்றேன்," என்றார். பயந்தேனே, அந்தப் பயத்துக்குக்கூட அடிப்படை இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து உள்ளதைச் சொல்லிவிடு, நானும் பக்கத்தில் நிற்கிறேன், தப்பாகச் சொன்னதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்றார். சரி என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொண்டேன். அதற்கடுத்த வாரம் போனேன். சாட்சி நேரத்தில் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். மூன்றாவது வாரம் அவர் திரும்பவில்லை.

மூன்று நாலு வருஷம் கழித்து நாங்கள் விளாங்குடிக்கு மாறினோம். சாமான் ஏற்றுகிற அன்று அவர்கள் வீட்டுக்குப் போய் நின்றேன். சொல்ல எவ்வளவோ இருந்தது, வண்டி வந்துவிட்டது என்று மட்டும்தான் சொன்னேன். இனிமேல் அந்தப் பக்கம் யார் தட்டுவார்கள் என்பது மூன்று பேர் மனதிலும் இருந்தது. அக்காதான் சொன்னது. "போயிட்டு வாங்க டீச்சர். நான் தட்டிக்கிறேன். செவுத்துல எந்தப் பக்கத்துல இருந்து தட்டுனா என்ன." அண்ணன் இடது கையைத் தூக்கினார். "பாருங்க," என்றார், இந்த முறை குரலோடு. நான் தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறினேன்.

விளாங்குடியிலிருந்து இப்போதும் அதே சபைக்குத்தான் பஸ் ஏறிப் போகிறேன். மூத்த டீச்சர் ஓய்வு பெற்று மகனோடு வெளியூர் போய்விட்டார். அந்தப் பழைய சாட்சி போகவில்லை. லெந்து கூட்டங்களில் புதிதாக யாராவது வந்தால், இன்னும் ஒருவர் அதை எடுத்துச் சொல்கிறார், இவுக வீட்டுல ஒரு தடவை ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே பதில் கிடைச்சது என்று. எல்லாரும் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் தரையைப் பார்க்கிறேன். எவ்வளவு அடக்கம் பாருங்க என்கிறார்கள்.